ஏழாம் மாதத்துப் பசு

அரசூர் விலக்கில் பேருந்தை விட்டு இறங்கிக் கிழக்கே பார்த்தால், கருவேலங்காட்டுக்கு நடுவே எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவை போல நிற்கும் மஞ்சள் கட்டடங்கள் தொலைநிலைப் பல்கலைக்கழகத்துடையவை. அங்கே மாணவர்கள் வருவதில்லை, மாணவர்களுக்குப் போக வேண்டிய பாடநூல்கள்தாம் வரும், அடுக்கப்படும், முகவரி ஒட்டப்படும், போகும். அப்படிப் பாடநூல்கள் வந்து இறங்கிய ஓர் ஆடிமாதச் செவ்வாய்க்கிழமைக் காலையில், லாரியிலிருந்து கடைசிப் புத்தகக் கட்டையும் இறக்கிக் கதவைச் சாத்தியபோது, அஞ்சல் கொட்டகைக்குப் பின்புறம் ஒரு செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது.

வாயிற்காவலர் கடமை தவறாதவர். வருகைப் பதிவேட்டைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் பசு என்றும், யாரைப் பார்க்க என்ற இடத்தில் தெரியவில்லை என்றும், காரணம் என்ற இடத்தில் அலுவல் நிமித்தம் என்றும் எழுதி, கையொப்பக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டார். புத்தகக் கட்டுகளை நிறுக்கும் தராசு மேடையில் அதை ஏற்றினார்கள். முள் முந்நூற்றெண்பதில் போய் அசையாமல் நின்றது. தினக்கூலிக்குப் பெருக்க வரும் இருளாயி வீட்டில் மாடு வைத்திருந்தவள். அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஏழு மாதச் சினை என்றாள். கேன்டீனிலிருந்து குண்டான் வாங்கிவந்து கறந்தாள். ஆறு லிட்டர் நிறைந்ததும், குழாயை மூடினாற்போல, பால் நின்றது.

கூட்டத்தின் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் நப்பின்னை. பாடநூல் பிரிவின் மொழிச் செம்மையாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அவள் கண் படாமல் ஒரு பக்கம்கூட வெளியே போனதில்லை. அவள் கட்டொன்றை அவிழ்த்து, கால்நடை அறிவியல் நூலின் அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்: “எடுத்துக்காட்டு 4.3. ஐந்து வயதும் 380 கிலோ எடையும் உடைய, ஏழு மாதச் சினையாக உள்ள ஒரு செவலைப் பசு, நாளொன்றுக்கு ஆறு லிட்டர் பால் தருகிறது. அது 0.4 ஹெக்டேர் நிலத்தில் மேய்கிறது.” படித்துவிட்டு நூலை மூடினாள். “இதுதான்” என்றாள்.

எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று மட்டும் பதிவாளர் கேட்டார். அதுதான் சிக்கலாக இருந்தது. ஏனென்றால், கணினியியல், கணிதம், சூழலியல், கால்நடை அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கும் நான்கு வல்லுநர் குழுக்கள் உட்கார்ந்து நான்குவிதமாகச் சண்டையிடுவதைத் தவிர்ப்பதற்காக, முன்பிருந்த துணைவேந்தர் ‘பொது எடுத்துக்காட்டு’ என்றொரு விதியை ஏற்படுத்தியிருந்தார். அவ்விதிப்படி இந்த ஒரே பசு, கால்நடை நூலில் பசுவாகவும், கணித நூலில் தவிட்டையும் புண்ணாக்கையும் எந்த அளவில் கலப்பது என்ற கணக்காகவும், கணினி நூலில் அட்டவணையின் நாற்பத்து மூன்றாம் வரிசையாகவும், சூழலியல் நூலில் மேய்ச்சல் நிலத்தின் தாங்குதிறனாகவும் இருந்தது. ஆகவே நான்கு துறைக்கும் பொது என்று பதிவாளர் எழுதினார். பொது என்று எழுதப்பட்டவை அங்கே எப்படிப் பராமரிக்கப்படுமோ அப்படியே அதுவும் பராமரிக்கப்பட்டது. இருளாயிதான் தண்ணீர் காட்டினாள்.

நாள்கள் போயின, பசுவின் நாள் மட்டும் போகவில்லை. நான்கு கிலோ தவிடும் இரண்டு கிலோ புண்ணாக்கும் வைத்தால் தின்றது. ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்தால், கணித நூலின் விடைக்கு மாறாகத் தின்னலாகாது என்பதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொட்டகையின் பின்னே 0.4 ஹெக்டேருக்குச் சுண்ணாம்புக்கோடு போடப்பட்டது; கோடு போடுவதற்கு முன்பே அது அந்த எல்லையில் வந்து நின்றுவிடுவதைப் பார்த்துத்தான் கோடே போட்டார்கள். கயிறு கட்டி நான்கு பேர் இழுத்தும் அதன் முன்கால் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. கேன்டீன்காரர் காலையும் மாலையும் அந்தப் பாலில் டீ போட்டார். பால் என்றைக்கும் ஒரே அடர்த்தியாக இருந்ததால் டீயும் என்றைக்கும் ஒரே சுவையாக இருந்தது. அலுவலகத்தில் மாறாமலிருக்கும் இரண்டாவது பொருள் இது என்று குமாஸ்தாக்கள் சொல்லிக்கொண்டார்கள், முதலாவது எது என்று யாரும் சொல்லவில்லை. பெயரும் வைத்தார்கள். நாலு புள்ளி மூணு என்று முழுதாகச் சொல்ல நேரமில்லாதவர்கள் நாலுபுள்ளி என்றார்கள்.

ஏழாம் மாதம் என்றால் சும்மா விடலாகாது என்று அலுவலகப் பெண்கள் முதல் ஆண்டு ஐப்பசியில் அதற்கு வளைகாப்புச் செய்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வந்தன. நெற்றியில் சந்தனம் வைத்து, கொம்புகளில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை மாட்டி, தேர்வுப் பிரிவின் ஒரு பெண் தாலாட்டுக்கூடப் பாடினாள். இரண்டாம் ஆண்டும் செய்தார்கள், ஆனால் பாட்டு இல்லை. மூன்றாம் ஆண்டு அது அலுவலக நாள்காட்டியில் நிறுவன நாளுக்கும் ஆயுத பூசைக்கும் அருகே அச்சாகியே வந்துவிட்டது. நான்காம் ஆண்டு கொம்பில் இடமில்லை. பழைய வளையல்களைக் கழற்றவும் யாருக்கும் மனம் வரவில்லை, பிள்ளை பெற்ற பிறகல்லவா கழற்ற வேண்டும். ஆகவே புதியவற்றை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள், அது தலையை ஆட்டும்போதெல்லாம் நான்கு ஆண்டுகளின் வளையல்களும் ஒன்றாகக் குலுங்கின.

சுற்று ஊர்களும் அதை ஏற்றுக்கொண்டன. முதலில் குழந்தை வேண்டுபவர்கள் வந்தார்கள். பிறகு ஓய்வூதியக் கோப்பு நகராதவர்கள், பட்டா மாறுதல் கிடைக்காதவர்கள், ஒரே தாளை ஆறு முறை எழுதித் தேறாதவர்கள் எல்லாரும் வந்து அதன் வயிற்றைத் தொட்டுவிட்டு, நம் நிலைமை இதற்குத் தேவலை என்று ஒருவாறு ஆறுதலடைந்து திரும்பினார்கள். பேறுகாலம் நெருங்கிய மருமகள்களை உடைய மாமியார்களோ, அந்தக் காற்றுக்கூடப் படலாகாது என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே அவர்களை இறக்கி வயல் வழியே நடத்திக்கொண்டு போனார்கள். இப்படிப் பயன்படுத்தவும் பயப்படவும் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். பழகாதவர்கள் இருவர். ஒருத்தி இருளாயி.

“ஏழு மாசம் ஆச்சுன்னா மடிய வத்த விடணும்மா” என்று அவள் நப்பின்னையிடம் சொல்வாள். “வயித்துல ஒண்ணு கெடக்கு. மடியில நாம உறிஞ்சுறோம். ரெண்டு பக்கமும் இழுத்தா அது எங்குட்டுப் போகும்?”

“கறக்காம விட்டுப் பாருங்களேன்.”

“விட்டுப் பாக்காமலா இருப்பேன்? ஆறு லிட்டரு தானா தரையில ஒழுகுது. கறந்தாலும் ஆறு, கறக்காட்டியும் ஆறு. உங்க பொஸ்தகத்துல அப்படி எழுதியிருக்காமுல்ல. எழுதுன மகராசன் யாரும்மா?”

பழகாத மற்றொருத்தி நப்பின்னைதான். காரணம், எழுதியவர் யார் என்று அவளுக்குத் தெரியும். கால்நடை நூலை எழுதிய சதாசிவம் தம் கைப்பிரதியில் ‘ஒரு சினைப் பசு’ என்று மட்டுமே எழுதியிருந்தார். அதை அப்படியே விட்டிருந்தால் அந்தப் பசு என்றைக்கோ ஈன்று, மறுபடி சினையாகி, தன் போக்கில் இருந்திருக்கும். நப்பின்னை அதை விடவில்லை. ‘எத்தனை மாதம்? தெளிவில்லை’ என்று சிவப்பு மையில் ஓரத்தில் எழுதித் திருப்பியனுப்பினாள். அவர் ‘7’ என்று நிரப்பி அனுப்பினார். தன் பணிக்காலத்தில் அவள் இப்படிக் கேட்டு வாங்கிய எண்களும் தேதிகளும் அளவுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுள் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பாடநூல்களும் மின்களஞ்சியத்தில் ஏற்றப்படும். மார்ச் முப்பத்தொன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் களஞ்சியம் பூட்டப்படும். அதன் பிறகு எவ்வரியும் எக்காலத்தும் எவராலும் மாற்றப்படாது. நப்பின்னை அதை மூன்று முறை படித்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. அன்றுதான் பதினொன்றாம் படிவத்தை எடுத்தாள். ஏழு என்பதை ஒன்பதரை என்று மாற்றுமாறு கோரும் திருத்தப் படிவம். பொது எடுத்துக்காட்டு ஆகையால் அதன் அடியில் நான்கு துறைத்தலைவர்களின் கையொப்பத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. மேலே ஏறினால் நான்கு மாடி, நான்கு அறை. பதினைந்து நிமிட வேலை என்று நினைத்தாள்.

கணிதத்துறைத் தலைவர் தியாகேசன் படிவத்தைப் படிக்குமுன்பே தலையை ஆட்டினார்.

“ஒன்பதரை மாசம்னா தீவனத் தேவை மாறும் மேடம். மாறினா என் விடை நாலு, ரெண்டுன்னு வராது. நாலு புள்ளி ஏழு மூணு, ஒண்ணு புள்ளி ஒன்பது எட்டுன்னு வரும். பையன் பயந்துருவான்.”

“விடை முழு எண்ணாக இருப்பதற்காகவா சார் ஒரு உயிர் நாலு வருஷமாய்ச் சுமந்துகொண்டு நிற்கிறது?”

“நீங்க சொல்றது உணர்ச்சி. நான் சொல்றது கணக்கு. அது போகட்டும், அது ஒண்ணும் புகார் சொல்லலியே?” என்று சிரித்துவிட்டு, டீக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

கணினித்துறையின் ரஹ்மத் நிஷா இரக்கமுள்ளவள். அதனால் இன்னும் நீளமாக மறுத்தாள். நாற்பத்து மூன்றாம் வரிசை பதினொரு பாடங்களில் வருகிறது, கணினித் திரையைப் பிடித்த முப்பத்தாறு படங்களில் தெரிகிறது, எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும், எடுக்க ஆளில்லை. “நான் வேணும்னா ஒண்ணு பண்றேன் மேடம். வரிசையையே நீக்கிடறேன். அது சுலபம், ஒரு நிமிஷம்.”

“நீக்கினால் பசு என்ன ஆகும்?”

ரஹ்மத் நிஷா விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். “சாரி மேடம்” என்றாள் பிறகு. “அத நான் யோசிக்கல.”

சூழலியலுக்குத் தலைவர் ஆரோக்கியசாமி. கால்நடைத் துறையில் சதாசிவம் ஓய்வுபெற்ற பின் யாரும் நியமிக்கப்படாததால் அதற்குப் பொறுப்புத் தலைவரும் அவரே. ஒரே அறையில் இரண்டு மேசைகளும் இரண்டு நாற்காலிகளும் வைத்திருந்தார். ஆட்சேபணை எதுவும் இல்லை என்றார். நப்பின்னை பேனாவை நீட்டினாள்.

“சூழலியலா நான் கையெழுத்துப் போடணும்னா, முன்னாடி கால்நடைத் துறை போட்டிருக்கணும்மா. பாடம் அவங்களோடது.”

“கால்நடைத் துறையும் நீங்கள்தானே ஐயா? முதலில் அதைப் போடுங்கள்.”

“கால்நடைக்கு நான் பொறுப்பு மட்டுந்தானே? பொறுப்புல இருக்கறவன் தன்னிச்சையாப் போட முடியாது. ஒரு நிரந்தரத் தலைவர் போட்ட பிறகுதான் போடணும்.”

“நிரந்தரத் தலைவர் என்றால்?”

“சூழலியல்” என்றார் ஆரோக்கியசாமி, வருத்தத்துடன்.

அவள் அந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். இவ்வளவு ஒழுங்கான வட்டத்தை அவள் எந்த நூலிலும் கண்டதில்லை. அதில் ஓரத்தில் எழுத ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்த சதாசிவத்துக்குத் தொலைபேசினாள். அவர் அவளை உடனே நினைவுகூர்ந்தார். “சிவப்பு மை அம்மாவா! சௌக்கியமா?” என்றார். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். “நீங்க கேட்டீங்கன்னு எழுதினேம்மா. ஏழுன்னு எழுதினேன், எட்டுன்னும் எழுதியிருக்கலாம். அப்ப வாசல்ல ஆட்டோ நின்னுட்டிருந்துச்சு. இப்ப மாத்த எனக்கு உரிமை ஏது? பதிப்புரிமைய யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கொடுத்தாச்சே.” வைக்குமுன் கேட்டார்: “அது நல்லாத் தீனி எடுக்குதாம்மா?”

மார்ச் இரண்டாம் வாரத்தில், கையொப்பம் கிடைக்காத படிவம் பாடநூல் குழுவின் முடிவுக்குப் போனது. குழு கூடி, பொருள் முக்கியமானது என்று பதிவு செய்து, ஒரு துணைக்குழுவை அமைத்தது. துணைக்குழு ஏப்ரலில் கூடும். நப்பின்னை எழுந்து, களஞ்சியம் மார்ச்சில் பூட்டப்படுகிறதே என்றாள். அதுவும் பதிவு செய்யப்பட்டது.

மார்ச் இருபத்தெட்டாம் நாள் பசு படுத்தது. நான்கு ஆண்டுகளில் அது பகலில் படுத்ததை யாரும் பார்த்ததில்லை. தவிடு நான்கு கிலோவும் அப்படியே இருந்தது. கேன்டீன்காரர் மட்டும் பால் வருமா என்று விசாரித்தார். வந்தது, படுத்தபடியே, ஆறு லிட்டர். இருளாயி அதன் கழுத்தடியில் உட்கார்ந்து வளையல்களை ஒவ்வொன்றாக விலக்கி, நூல் அறுத்த புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

“உள்ள உதைக்குதும்மா. கைய வைங்க” என்றாள்.

நப்பின்னை குனிந்து கையை வைத்தாள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று, கதவைத் தட்டுவதுபோலக்கூட இல்லை, தட்டித் தட்டி ஓய்ந்தவர் கதவில் சாய்ந்துகொள்வதுபோல, அவள் உள்ளங்கையில் வந்து சாய்ந்தது.

“நாலு வருசமா உதைக்குது” என்றாள் இருளாயி. “நீங்க இன்னிக்குத்தான் கை வச்சுப் பாக்குறீக.”

மறுநாள் பக்க வடிவமைப்பாளரிடமிருந்து கால்நடை நூலின் இறுதிப்படி வந்தது. களஞ்சியத்துக்காக எழுத்தளவு மாறியதில் அறுபத்தோராம் பக்கத்தின் அடியில் எடுத்துக்காட்டு 4.3 முடிந்த பிறகு எட்டு வரிகள் வெறுமையாக நின்றன. அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு: பக்கத்தின் அடியில் ஐந்து வரிக்கு மேல் வெறுமை இருந்தால், அது அச்சுப்பிழை என மாணவர் மயங்காதிருக்க, மொழிச் செம்மையாளரே ஒரு தன்மதிப்பீட்டு வினாவை எழுதி அதை நிரப்ப வேண்டும். நிரப்பு வினாவுக்குக் குழு இல்லை, படிவம் இல்லை, கையொப்பம் இல்லை. அதை யாரும் படிப்பதே இல்லை என்பதால் அதற்கு விதி செய்யவும் யாருக்கும் தோன்றவில்லை. நப்பின்னை இதுவரை அப்படி அறுநூறு வினாக்களாவது எழுதியிருப்பாள். அந்த எட்டு வெற்று வரிகளைப் பார்த்தபோது அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

முதலில் எழுதினாள்: ‘மேற்கூறிய பசு மார்ச் முப்பதாம் நாள் காலை 26 கிலோ எடையுள்ள ஒரு செவலைக் கிடாரிக்கன்றை ஈன்றது. பசுவின் சினைக்காலத்தைக் கணக்கிடுக.’ நல்ல வாக்கியம். எழுவாய் தெளிவு, காலம் தெளிவு, அளவு தெளிவு. திருத்திப் படிக்கும் வழக்கத்தில் படித்தபோதுதான் அவள் பேனா நின்றது: இருபத்தாறு கிலோ. எந்நாளும் இருபத்தாறு கிலோ. எந்நாளும் ஈன்ற அன்றைய கன்று. எடையை அடித்தாள். அடித்த இடத்தைப் பார்க்கப் பார்க்க, எத்தனை கிலோ, தெளிவில்லை என்று சிவப்பு மையில் எழுத அவள் விரல் துடித்தது. பிறகு நிறத்தை அடித்தாள். பிறகு கிடாரி என்பதை. தேதியை அடிக்கும்போது மணி நான்கு; அந்த ஒரு வினாவில் அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மிஞ்சியது இது: ‘மேற்கூறிய பசு காலம் நிறைந்து நலமாகக் கன்று ஈன்றது. அக்கன்றைப் பற்றி நீங்கள் கண்டதை எழுதுக.’ அதன் கீழே, விடை எழுத, ஐந்து வரிகளை வெறுமையாக விட்டாள். தன் கையால் அவள் விட்ட முதல் வெறுமை அது.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நூல் களஞ்சியத்தில் ஏறியது. பத்தரைக்கு இருளாயியின் குரல் நான்கு மாடிக்கும் கேட்டது.

கூட்டம் கூடியபோது முன்கால்கள் இரண்டும் வெளியே வந்திருந்தன. தியாகேசன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரஹ்மத் நிஷா கொட்டகைக் கதவைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். இருளாயி மாட்டைப் பார்த்து “முக்குடி, என் ஆத்தா, முக்கு, இந்தா வந்துருச்சு, நாலு வருசம் சொமந்தவளுக்கு இது ஒரு பெருசா” என்று சொல்லிக்கொண்டே கன்றின் கால்களைப் பிடித்து, பசுவின் மூச்சோடு மூச்சாக இழுத்தாள். வளையல்கள் எல்லாம் ஒருமுறை ஒன்றாகக் குலுங்கி ஓய்ந்தன. ஈரமும் ஆவியுமாகக் கன்று வைக்கோலில் விழுந்தது. பசு திரும்பி அதை நக்கத் தொடங்கியது. நக்க நக்கத் தெரிந்தது அது ஆண் என்று. நிறம் செவலை என்றும் கருமை என்றும் மயிலை என்றும் அவரவர் சொன்னார்கள். தராசில் வைத்தார்கள்: இருபத்து நான்கு. கேன்டீனில் சீம்பால் திரட்டு எல்லோருக்கும் வந்தது, ஆளுக்கு ஒரு கரண்டி. பெண்கள் கத்திரிக்கோலோடு வந்து கழுத்து நூலை வெட்டி, கொம்பு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.

மறுநாள் காலை வந்ததும் மறுபடி தராசில் வைத்தார்கள். இருபத்து நான்கரை. யாரோ மேடையைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுத்தார்கள், இருபத்து நான்கரையேதான். நான்கு ஆண்டுகளாகப் புத்தகத்திலிருந்து வந்த பசுவைப் பார்த்து வியக்காதவர்கள், நேற்று ஓர் எடையும் இன்று ஓர் எடையும் காட்டிய கன்றைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். கூடுது மேடம், கூடுது என்று வாயிற்காவலர் படியேறி வந்து நப்பின்னையிடம் சொல்லிவிட்டுப் போனார். தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு குறிப்பாணையும் அவள் மேசைக்கு வந்திருந்தது: பக்கம் 61, நிரப்பு வினாவுக்கு விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை, ஏன்? அவள் அதைப் படித்து, மடித்து, முதன்முறையாகப் பதில் எழுதாமல் இழுப்பறையில் வைத்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு இருளாயி கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். குரலில் நேற்றைய குரல் இல்லை.

கன்று துள்ளிக்கொண்டிருந்தது. துள்ளிய போக்கில் சுண்ணாம்புக்கோட்டைத் தாண்டி, அப்பால் வேப்பமரத்து நிழலுக்குப் போய், ஒரு புத்தகக் கட்டின் சணலை முகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி எங்கும் ஒன்றும் எழுதப்படவில்லை. அதற்குக் கோடு தெரியவில்லை. பின்னாலேயே ஓடிவந்த பசு கோட்டருகே வந்து, குளம்பு வழுக்க, நின்றது. கழுத்தை நீட்டியது. கத்தியது. ஒரு முழம் அப்பால் நின்ற கன்றின் முதுகை அதன் நாக்கு எட்டவில்லை.

0.4 ஹெக்டேர்.

மணி மூன்று பத்து. நப்பின்னை ஓடினாள், அந்தப் படிகளில் அவள் ஓடியதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. திரையில், மேய்ச்சல் நிலம் பற்றிய பாடம் உள்ள சூழலியல் நூலைத் திறந்தாள். எங்காவது ஒரு பக்கத்தின் அடியில் ஐந்து வரி. ‘மேய்ச்சல் எல்லை அகற்றப்பட்டது’ என்று எழுத இரண்டு வரி போதும். முதற்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், ‘ஈரநிலம் என்பதை வரையறுக்க’. இருபத்தேழில், ‘உணவுச்சங்கிலிக்கு இரண்டு சான்று தருக’. எண்பத்தொன்றில், நூற்று நான்கில், நூற்றைம்பதில், எல்லாம் அவள் வாக்கியங்கள், பிழையற்றவை, தெளிவானவை. பிப்ரவரியிலேயே, தவணைக்கு மூன்று வாரம் முன்பே, அவள் அந்த நூலை முடித்துக் கொடுத்திருந்தாள். முடித்த நூலின் நிரப்பு வினாவை எடுக்க வேண்டுமானால் பதினொன்றாம் படிவமும் நான்கு கையொப்பங்களும் வேண்டும். கடைசியான இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை பார்த்தாள். ஒரு வரிகூட மிஞ்சாமல் நிரப்பியிருந்தாள்.

ஐந்து மணிக்குக் களஞ்சியம் பூட்டப்பட்டு, திரை சாம்பல் நிறமாயிற்று.

அவள் கீழே இறங்கி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கன்று பசியெடுத்துக் கோட்டுக்கு உள்ளே வந்து முட்டிமுட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. பசு கண்ணை மூடி அதன் வாலடியை நக்கிக்கொண்டிருந்தது. குடித்து முடித்ததும் கன்று மறுபடி வெளியே போயிற்று, முன்னைவிடக் கொஞ்சம் தூரம். பசு மறுபடி கோடுவரை வந்து நின்றது.

“வரும்மா” என்றாள் இருளாயி. “பசிச்சா வரும். பால் மறக்குற வரைக்கும் வரும்.”

“அதற்கப்புறம்?”

இருளாயி தோளைக் குலுக்கிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். ஆறு மணிப் பேருந்தை விட்டால் எட்டு மணிக்குத்தான் அடுத்தது. நப்பின்னை கோட்டை மிதிக்காமல், அதற்கு உட்பக்கத்தில், பசுவின் கழுத்தருகே போய் நின்றாள். வளையல் கழற்றிய கொம்பில் வெளுத்த வட்டங்கள் தெரிந்தன. கன்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளந்து பார்க்க அவள் கண் தானாகப் போயிற்று. முப்பது அடி இருக்கும் என்று தோன்றியதும், யாரிடமும் அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.